ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி சிவிதா போகாதீர்கள்

ரோம் போகிறவர்களில் பலர் இப்போது சிவிதா தி பான்யோரேஜோவையும் ஒருநாள் பயணமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ரோமுக்கு வடக்கே சுமார் 120 கி.மீ. தொலைவில், நான்கு பக்கமும் பள்ளமாக, பாறை மேட்டில் தனித்து நிற்கும் ஊர். ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள் இங்கே குடியேறி 2,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தண்ணீர் எடுத்துப் போங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதியவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது

காசையும் நாளையும் சேர்த்துத் தின்னும் தவறு இதுதான். வார நாளில் ரோமின் அருங்காட்சியகங்கள், ஞாயிறன்று கிராமம் என்று திட்டம் போடுகிறார்கள். ரோமின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து, வழியில் இறங்க வேண்டிய ஓர்வியெத்தோ நகருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேர ரயில். அது ஞாயிறும் ஓடுகிறது. அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். ஓர்வியெத்தோவிலிருந்து, சிவிதாவை ஒட்டியுள்ள பெரிய ஊரான பான்யோரேஜோவுக்குப் போகும் கோட்ரல் நிறுவன பஸ் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் கிடையாது. ரயில் நிலைய வாசலில் குழந்தை குட்டிகளோடு காத்திருந்து அலுத்த குடும்பம், கடைசியில் டாக்ஸி பிடிக்கும். சுமார் 20 கி.மீ. மலைப்பாதைக்குப் போக ஒரு தொகை, வர ஒரு தொகை. பஸ்ஸில் ஆளுக்குச் சில யூரோவில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

வார நாளிலும் அட்டவணையை அரைகுறையாகப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். 'ஃபெரியாலே' என்றிருந்தால் திங்கள் முதல் சனி வரை. 'ஸ்கொலாஸ்திகோ' என்றிருந்தால் பள்ளிக்கூடம் நடக்கும் நாள் மட்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பள்ளி விடுமுறை என்பதால் அந்த வண்டிகள் வராது. பயணிகள் குவிவதோ அந்த மாதங்களில்தான்.

முதலில் திரும்பும் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பஸ் உங்களை பான்யோரேஜோ ஊர் வாசலுக்கு வெளியே இறக்கிவிடும். அங்கிருந்து சிவிதாவுக்கு ஏறும் நடைபாலம் வரை சுமார் 2 கி.மீ., அரை மணி நேரம். பாலம் ஏறக் கால் மணி. போக, வர இதற்கே ஒன்றரை மணி நேரம். ஊருக்குள் இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஆக, இறங்குவதற்கும் திரும்ப ஏறுவதற்கும் இடையே மூன்றரை மணி நேரம் இல்லையென்றால் அந்த பஸ் உங்களுக்கானது அல்ல. டிக்கெட்டை ஓர்வியெத்தோ புகையிலைக் கடையிலேயே இரண்டு வழிக்கும் வாங்கிவிடுங்கள்.

சிவிதாவின் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும் கழுதைப் பந்தயத்தைப் பார்க்க ஆசையா? அது ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் நடப்பது. கார் உள்ளவர்களுக்கு மட்டும்.

நிலநடுக்கம் அழித்த ஊர் என்று கதை சொல்வது

பாதிதான் சரி. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு கத்தோலிக்க ஆயரும் (பிஷப்) நகர நிர்வாகமும் பான்யோரேஜோவுக்கு இடம்பெயர்ந்தது உண்மை. ஆனால் ஊரைக் கரைப்பது அடிமண். மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை. கீழே பழைய கடலடிக் களிமண். இரு பக்கமும் ஓடும் ஓடைகளும் மழையும் களிமண்ணை அரிக்க, தாங்கல் இழந்த பாறை செங்குத்தாக வெடித்துச் சரிகிறது. நிலநடுக்கம் இதை வேகப்படுத்தியது, அவ்வளவே. இங்கே பிறந்த புனித பொனவெந்தூரின் வீடு பெரும்பாலும் பள்ளத்தில் விழுந்தது இப்படித்தான். இதைப் புரிந்துகொள்ள, ஊருக்குள்ளேயே இருக்கும் நிலவியல், நிலச்சரிவு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். முக்கால்வாசிப் பேர் அதன் வாசலோடு நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

சதுக்கத்தோடு திரும்புவது

2013-இல் ஒன்றரை யூரோவாகத் தொடங்கிய நுழைவுக் கட்டணம் பிறகு 5 யூரோ வரை ஏறியது. அதைக் கொடுத்துவிட்டுச் சதுக்கத்தில் ஒரு படம், ஒரு காபி, திரும்பல். வாசலிலேயே நிதானியுங்கள்: மனிதத் தலையைப் பற்றியிருக்கும் கற்சிங்கங்கள் அங்கே உண்டு. உள்ளே நுழைந்ததும் ஒரு மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கும். ஜன்னல்களில் தெரிவது வானம். பின்னாலிருந்த கட்டடம் சரிந்து போய்விட்டது. சான் தொனாத்தோ தேவாலயத்துக்கு முன்னாலுள்ள பழங்காலத் தூண் அடிகளையும் பார்த்துவிட்டு, நேர்த் தெருவில் ஊரின் மறுமுனை வரை போங்கள். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில் டஃப் பாறையைக் குடைந்த சிறு கோயில் வரும். எட்ரஸ்கர் கல்லறையாக இருந்து, இடைக்காலத்தில் சிறையான இடம். இறங்கியதை ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலில் பாலம் ஏறுவது

சுமார் 300 மீட்டர், நிழலே இல்லை, கடைசிப் பகுதி நல்ல செங்குத்து.

கார்

பாலத்தில் ஏறாது. பான்யோரேஜோவில் காசு கட்டி நிறுத்துங்கள்.

சக்கரப் பெட்டி

இரவு தங்குகிறவர்கள் பெரிய பெட்டியை ரோமிலேயே ஒப்படைத்துவிட்டு, தோளில் மாட்டும் பையோடு வரட்டும்.