வாடகை வீட்டில் சமையற்கலைஞரை அழைத்து விருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக்காக எடுத்த வாடகை வீட்டுக்கே சமையற்கலைஞர் ஒருவரை வரவழைத்தோ, கேட்டரிங் நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தோ விருந்து நடத்துபவர்கள், பெரும்பாலும் மெனுவில்தான் தங்கள் கவனத்தையெல்லாம் செலுத்துகிறார்கள். ஆனால் இத்தகைய விருந்துகள் கெடுவதற்குச் சமைப்பவரின் கைத்திறன் காரணமாக இருப்பது அரிது. அந்த வீடு சமைப்பவருக்கும் புதிது, அழைத்தவருக்கும் புதிது. அதை நன்கு அறிந்த உரிமையாளரோ அன்று மாலை அங்கே இருப்பதில்லை. எனவே என்ன சமைப்பது என்று பேசுவதற்கு முன், எங்கே சமைக்கப் போகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

உரிமையாளரிடம் சொல்லாமலேயே ஏற்பாட்டை முடித்துவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. விடுமுறை வீடுகளை வாடகைக்கு முன்பதிவு செய்ய உதவும் ஏர்பிஎன்பி தளம் 2020 ஆகஸ்டில் பார்ட்டிகளுக்குத் தற்காலிகத் தடை விதித்து, 2022 ஜூனில் அதை நிரந்தரக் கொள்கையாக்கியது. தங்கியிருக்கும் எட்டுப் பேர் அமைதியாக அமர்ந்து உண்பதைத் தடுப்பது அதன் நோக்கமன்று. ஆனால் வெளியிலிருந்து மேலும் பத்துப் பேரை அழைத்தால், பதிவில் உள்ள ஆள் எண்ணிக்கையை மீறியவர்கள் ஆகிவிடுவீர்கள். இதைத் தவிர ஒவ்வொரு வீட்டுக்கும் தனி விதிகள் உண்டு. சமையற்கலைஞரும் உதவியாளரும் உள்ளே வரலாமா, அவர்களுடைய வண்டியை எங்கே நிறுத்துவது, மொட்டைமாடியில் கரி அடுப்பு மூட்டலாமா, எத்தனை மணிக்குப் பிறகு சத்தம் கூடாது என்பவற்றை முன்பதிவுத் தளத்தின் செய்தி வழியாகவே கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. தொலைபேசியில் கிடைத்த சம்மதம் பின்னால் தகராறு வரும்போது பயன்படாது.

வீட்டைப் பற்றிய விளம்பரத்தில் ‘முழு வசதியுள்ள சமையலறை’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி மெனுவை முடிவு செய்வது அடுத்த தவறு. காலையில் காபி போடுவதற்கும் முட்டை பொரிப்பதற்கும் அந்த வசதி முழுமையானதாக இருக்கலாம். பன்னிரண்டு பேருக்கு ஐந்து சுற்று உணவு சமைப்பதற்கு அது போதாது. அடுப்பு கேஸா, இண்டக்ஷனா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். காந்தம் ஒட்டாத அடிப்பகுதி கொண்ட அலுமினியம், செம்புப் பாத்திரங்கள் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் சூடேறுவதில்லை. சமையற்கலைஞர் தம் பாத்திரங்களைச் சுமந்து வந்த பிறகு இது தெரியவந்தால் அந்த மாலை அங்கேயே முடிந்துவிடும். ஓவன் இருக்கிறது என்று குறிப்பிட்டிருக்கும் இடத்தில் வெறும் மைக்ரோவேவ் இருப்பதும் உண்டு. மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் தாங்கும் இணைப்பு ஒன்று ஏறத்தாழ 3,700 வாட் வரை மட்டுமே ஏற்கும் என்பதால், 2,000 வாட் கெட்டிலையும் அதே அளவு மின்சாரம் இழுக்கும் சிறிய ஓவனையும் ஒரே இணைப்பில் ஒன்றாக இயக்கினால், பாதிச் சமையலில் மின்சாரம் துண்டிக்கப்படலாம்.

ஆகையால் அடுப்பு, ஓவனின் உட்புறம், சிங்க், திறந்த நிலையில் ஃபிரிட்ஜ், தட்டுகள் அடுக்கிய அலமாரி ஆகியவற்றைப் படமெடுத்துச் சமையற்கலைஞருக்கு அனுப்பிவிடுங்கள். அனுபவமுள்ளவர் அந்தப் படங்களைப் பார்த்தே மெனுவில் இரண்டு மூன்றை மாற்றச் சொல்வார். அதைக் குறையாக எண்ணாதீர்கள், அவர் சரியானவர் என்பதற்கு அதுவே அடையாளம். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் படமெடுக்க முடியும் என்றால், அங்கே சென்று சேரும் நாளிலேயே விருந்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகலில்தான் சாவி கைக்கு வரும் வீட்டில், அன்றிரவே விருந்து என்பது சமைப்பவருக்கு மூச்சுவிடவும் நேரம் தராது.

ஒவ்வாமை விஷயத்தில் நிகழும் தவறுகள் உயிருக்கே ஆபத்தானவை. குழுவில் ‘யாருக்காவது அலர்ஜி இருக்கிறதா?’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்றால் யாருக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பதே முறை. கடைசி நேரத்தில் சேரும் விருந்தினரும் குழந்தைகளும் இதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களாக 14 வகைகளைப் பட்டியலிடுகிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் சேர்ந்து 9 ஆகியுள்ளது. கேட்கும்போது இத்தகைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால், கடுகையோ எள்ளையோ ஒவ்வாமைப் பொருளாக நினைத்தே பார்க்காதவர்களும் விடுபட மாட்டார்கள்.

பிடிக்காது, ஒத்துக்கொள்ளாது, ஒவ்வாமை என்ற மூன்றையும் ஒரே வரிசையில் எழுதித் தருவதும் தவறு. காளான் பிடிக்காதவருக்கு அதை ஒதுக்கி வைத்தால் போதும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கோ, அதே எண்ணெயில் பொரித்த வேறு பண்டமே போதும் ஆபத்தை வரவழைக்க. சூடாக்கினால் அந்தத் தன்மை போய்விடும் என்று நம்புவதற்கு இடமில்லை. வாடகை வீட்டில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது, ஏனெனில் அங்குள்ள மரக்கரண்டியும் டோஸ்டரும் காய்வெட்டும் பலகையும் முன்பு தங்கியவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தியவை என்று யாருக்கும் தெரியாது. கடுமையான ஒவ்வாமை உள்ளவர் ஒருவர் இருந்தாலும், அவருக்கானதைச் சமையற்கலைஞர் கொண்டுவரும் தனிப் பாத்திரத்தில், எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சமைக்கச் சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே போட வேண்டிய அவருடைய அட்ரினலின் ஊசி எங்கே இருக்கிறது, அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை மேசையில் இருப்பவர்களில் இருவராவது அறிந்திருப்பது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, ‘ஒரு நபருக்கு இவ்வளவு’ என்ற தொகைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று கேட்காமல் விடுவதே தவறு. மளிகைச் செலவு, பயணச் செலவு, பரிமாறும் உதவியாளரின் கூலி, தட்டு வாடகை, வரி ஆகியவை தனித்தனியாக வந்து சேரும்போது தொகை வெகுவாக உயர்ந்துவிடும். ஆள் எண்ணிக்கையை எந்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், சமையற்கலைஞராலேயே வர முடியாமல் போனால் மாற்று ஏற்பாடு என்ன என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். உணவுத் தொழிலுக்கான உரிமமும் காப்பீடும் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நேரத்தை இறுக்கமாகத் திட்டமிட்டுவிட்டு, விருந்தினர் கடற்கரையிலிருந்து தாமதமாகத் திரும்புவதும் நடக்கும். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இருக்கும்போது கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. எனவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை வெளியே வைக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை. திறந்தவெளியில் பஃபே வைப்பவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். மிஞ்சியதை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, சமையற்கலைஞர் கிளம்புவதற்கு முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பால் பாக்கெட்டுகளும் குளிர்பானப் புட்டிகளும் நிரம்பிய ஃபிரிட்ஜில் அதற்கான இடத்தை மாலையிலேயே ஒழித்து வைத்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பதில் மூன்று தரப்பும் மூன்று விதமாக நினைத்துக்கொண்டிருக்கும். சமையற்கலைஞர் தம் பாத்திரங்களைக் கழுவி மேடையைத் துடைத்தால் போதும் என்று எண்ணுவார். நீங்கள் கட்டிய துப்புரவுக் கட்டணம் எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்று நீங்கள் எண்ணுவீர்கள். உரிமையாளரோ ஓவனில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தனிச் சேதமாகக் கணக்கிடுவார். பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செப்டிக் டாங்க் உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். சமையல் தொடங்குவதற்கு முன்பும் சுத்தம் செய்து முடித்த பின்பும் சமையலறையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பிஎன்பி வழியாக எடுத்த வீடாக இருந்தால், நீங்கள் வெளியேறிய நாளிலிருந்து 14 நாள் வரை உரிமையாளர் சேதத்துக்கு இழப்பீடு கோரலாம் என்பதால், அதுவரையிலாவது அந்தப் படங்களை அழிக்காதீர்கள்.