குளிர்ல ப்ளக்-இன் ஹைப்ரிட் ஓட்டுறவங்களுக்கு

டொரோன்டோ பக்கம் டொயோட்டா ப்ரியஸ் ப்ரைம் (பெட்ரோல் இன்ஜினும், ப்ளக்ல சார்ஜ் ஏத்துற 8.8 கிலோவாட் அவர் பேட்டரியும் இருக்கிற பழைய மாடல்) வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப். கம்பெனி சொல்ற ரேஞ்ச், அதாவது பேட்டரில மட்டும் ஓடுற தூரம், 40 கிமீ, ஜூன் ஜூலைல நிதானமா ஓட்டினா அதுக்கு மேலயே போகும், ஜனவரில அதையே எதிர்பார்க்காதீங்க, பேட்டரி கெட்டுப்போச்சோன்னு பயப்படவும் வேணாம், குளிர்ல எந்த லித்தியம் பேட்டரியும் சோம்பேறி ஆயிடும், அதுக்கு மேல ஹீட்டர் வேற கரண்ட்டை உறிஞ்சும்.

ராத்திரி வந்ததுமே சார்ஜ் ஏத்தி முடிச்சுடாம, கிளம்புற டைமுக்கு சார்ஜ் முடியற மாதிரி டைமர்ல செட் பண்ணிடுங்க, சாதாரண வீட்டு ப்ளக்லயே அஞ்சரை மணி நேரத்துல ஃபுல் ஆயிடும், அப்ப காலைல கிளம்பறப்ப பேட்டரியும் கொஞ்சம் சூடா இருக்கும். ப்ளக்கை புடுங்கறதுக்கு முன்னாடியே உள்ள சூடு பண்ணிக்கோங்க, அது வீட்டு கரண்ட், உங்க ரேஞ்ச் இல்ல. அப்புறம் சீட் ஹீட்டர் போதும்னா அதோட நிறுத்திக்கோங்க.

முன் கண்ணாடி டிஃப்ராஸ்ட் பட்டனை தட்டினா இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடும், அது ரிப்பேர் இல்ல, டிசைனே அப்படித்தான் (நான் முதல் வாரம் மேனுவலை ரெண்டு தடவ புரட்டினேன்). ஹைவேல ஏறினதும் எச்வி மோடுக்கு (இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஓடுற ஹைப்ரிட் மோடு) மாத்திட்டு, மிச்ச சார்ஜை ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா நிக்கிற இடத்துக்கு வெச்சுக்கோங்க, அங்கதான் அதுக்கு மதிப்பு. டயர் காத்தும் பாருங்க, குளிர்ல இறங்கிடும்.