வான் வாங்க முந்தி சேசி எழுத்தைப் பாருங்க

வான் பார்க்கப் போகிற ஆக்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்து வயசு கணிப்பார்கள். அது வண்டி இலங்கையில் பதிந்த காலத்தைத்தான் காட்டும். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வான் என்றால் அதற்கு முன்னால் சில வருசம் கிடக்கும். நான் காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடுகிறவன். "காக்கா, ஒரு வான் பார்த்துத் தாங்க" என்று யாரும் வந்தால், நான் முதலில் தேடுவது சேசி எழுத்தை, அதாவது வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கிற இலக்கத்தின் தொடக்கத்தில் வருகிற எழுத்தை.

டொயோட்டா ஹயஸ் என்றால் எல்.எச்., கே.டி.எச்., டி.ஆர்.எச். என்று தொடங்கும். கடைசி 'எச்' ஹயஸுக்கு. அதற்கு முன்னுள்ள எழுத்து எஞ்சினுக்கு: எல் என்றால் பழைய, பெரும்பாலும் டர்போ இல்லாத டீசல், கே.டி. என்றால் டர்போ வைத்த கொமன் ரெயில் (ஒரே குழாயிலிருந்து கூடிய அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கிற) டீசல், டி.ஆர். பெற்றோல். பின்னால் வரும் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். 51, 61, 71 என்றால் நம்மட ஆக்கள் சொல்கிற ஷெல். 102, 113 போல நூறுகளில் இருந்தால் டொல்பின். 200உம் அதற்கு மேலும் என்றால் கே.டி.எச். காலத்து உடம்பு.

ஹயஸ் ஜப்பானில் முதலில் வந்தது 1967இல், அடுத்தது 1977இல். அந்த இரண்டையும் இப்ப ரோட்டில் தேடிப் பிடிக்க வேணும். ஷெல் 1982 கடைசியில், டொல்பின் 1989இல், இப்போதைய உடம்பு 2004இல். அந்த 2004 உடம்பை ஜப்பானில் இருபது வருசம் தாண்டியும் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே முகத்தை மட்டும் பார்த்து வயசு சொல்கிறவனை நம்பாதீங்க. கே.டி.எச். 200 என்றால் 2.5 லீற்றர், 201 என்றால் 3 லீற்றர். 2017க்குப் பிறகு 2.8 டீசல் வந்து எழுத்தும் ஜி.டி.எச். ஆனது.

எல்லா வானும் ஏன் ஒரே அளவாய் ஒடுங்கிக் கிடக்கு என்று கேட்பார்கள். ஜப்பான் சட்டத்தில் சின்ன வாகன வகுப்புக்கு 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம்தான் எல்லை. சாதாரண 2004 ஹயஸ் 4.695 நீளம், 1.695 அகலம். எல்லைக்கு அஞ்சு மில்லிமீற்றர் குறைய! நம்மட ஒழுங்கைக்குள் அது நுழைவது அந்தச் சட்டத்தின் புண்ணியம்.

நிசான் கரவன் 1973இலிருந்து இருக்கு, அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் விற்கப் போனால் ஹயஸுக்கு வருகிற ஆக்கள் வரமாட்டார்கள். இருபதுக்கு மேல் சீற் வேணுமென்றால் கோஸ்டர், ரோசா மாதிரி சின்ன பஸ்கள், அது வேற கணக்கு.

அடுத்தது கறள். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் இதை விட்டால் எஞ்சின் பார்த்துப் பிரயோசனமில்லை. ஸ்லைடிங் கதவைத் திறந்து கீழ்த் தண்டவாளத்தை விரலால் தடவுங்க. கூரையோரத் தண்ணிக் கானையும் சில்லு வளைவின் உள்பக்கத்தையும் ரோச் அடித்துப் பாருங்க. கதவோர பெயின்ட் மட்டும் மினுங்கினால் காந்தத்தை வையுங்க. ஒட்டாத இடம் புட்டி, கறளை மறைக்கப் பூசுகிற பசை. தரை மெற்றைத் தூக்கச் சொல்ல வெட்கப்படாதீங்க, மறுக்கிறவர் எதையோ மூடுகிறார்.

இழுவை பார்க்க மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? சீற் நிறைய ஆக்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, மகா ஓயாப் பக்கம் ஒருக்கா ஓட்டுங்க. கொமன் ரெயில் வண்டியில் தண்ணி கலந்த டீசல் அடித்திருந்தால் டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரின் செலவு முதுகை முறிக்கும். பழைய எல் எஞ்சினை எந்தக் கராஜும் பிரிக்கும். ஊருக்குள்ள பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவென்றால் நான் இன்றும் எல் எஞ்சின் டொல்பினைத்தான் சொல்வேன்.

கடைசியில் வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கி, சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியோடு ஒத்துப் பாருங்க. இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயின்டோ தெரிந்தால் விலை பேசாமலே திரும்பி வாங்க.