கீரைச்சோறு ஏன் குழைகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கீரை காசு கொடுத்து வாங்கும் பொருளே அல்ல. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் முருங்கை, வேலியோரம் சாயூர் மானிஸ் கீரை, வாய்க்கால் கரையில் கங்கோங் என்ற வள்ளைக்கீரை. டவுனுக்குக் குடிவந்து, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு கட்டு வாங்கிச் சோறு கிளறும்போதுதான் பலருக்கும் பிசகுகிறது. சோறு களியாகிறது, கீரை கறுக்கிறது.

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். பாயம் என்று இங்கே விற்கும் முளைக்கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அதை அரிசியோடு ரைஸ் குக்கரில் போட்டு வழக்கமான அளவு தண்ணீரையும் ஊற்றினால், இரண்டு நீரும் சோற்றில்தான் இறங்கும். அதனால் சோறு தனி, கீரை தனி. பொன்னி அரிசி ஒரு கப்புக்கு நான் இரண்டு கப் தண்ணீர் வைப்பேன். வெந்ததும் அகலத் தட்டில் கொட்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஆவி அடங்க ஆறவிடுவேன். வாசனை அரிசி என்றால் ஒன்றேகால் கப் தண்ணீரே போதும். அது இயல்பிலேயே ஒட்டும்.

முருங்கைக்கு வேறு பக்குவம். அம்மா முதல் நாள் ராத்திரியே கொத்துகளை ஈரமில்லாத துணியில் சுருட்டி வைத்துவிடுவார். காலையில் பிரித்து உதறினால் இலைகள் பொலபொலவென்று கொட்டும், காம்பு மட்டும் கையில் நிற்கும். அவசரத்தில் உருவினால் காம்பும் சேர்ந்து வந்து, தின்னும்போது பல்லில் சிக்கும். எந்தக் கீரையானாலும் நறுக்குவதற்கு முன்பே அலசிவிடுங்கள். அலசிய தண்ணீரை இலையோடு சாய்த்துக் கொட்டாமல், இலையை மட்டும் அள்ளி எடுங்கள். மண் அடியில் தங்கிவிடும்.

கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் தாளித்துக் கீரையைப் போட்டதும் மூடிவிடாதீர்கள். வேகும்போது கீரையிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேறும். மூடினால் அது சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழுந்து, பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தைப் பிரித்துவிடும். நிறம் மங்குவது அதனால்தான். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், ஆனால் இலை கூழாகும், வைட்டமின் சி-யும் போய்விடும். சட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து உப்பையும் அள்ளிப் போடாதீர்கள். கீரை ஒரு கைப்பிடியாகச் சுருங்கிய பிறகு போடுங்கள்.

சாயூர் மானிஸ், மரவள்ளிக் கொழுந்து இரண்டிலும் ருசியைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. 1990-களில் தைவானில் உடல் மெலியும் என்று நம்பி சாயூர் மானிஸின் பச்சைச் சாற்றைக் குடித்துப் பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டது, இறந்தவர்களும் உண்டு. நன்றாக வேக வைத்து, மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். பச்சையாக அரைத்து மட்டும் குடிக்க வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் அதன் கொழுந்தைச் சமைக்கும் முறை பல வீடுகளில் மறந்துவிட்டது. அந்த இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இடித்துக் கசக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல், கால் மணி நேரமாவது கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மற்றக் கீரைகளின் சாற்றைக் கொட்டினால் சத்துதான் வீண். இதற்கு மட்டும் வடித்தே ஆக வேண்டும்.

அப்புறம், நேற்றைய சோற்றில் கிளறலாமா? தாராளமாக, உதிரியாகவே வரும். ஆனால் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஐஸ் பெட்டியில் வைத்த சோறாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க அடுப்படியில் கிடந்த சோறு ஆகாது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. அந்தக் கிருமி சோற்றில் பெருகி வெளிவிடும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

ஆறிய சோற்றைக் கீரையில் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி இறக்குங்கள். லிமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை பிழிவதானால் சட்டியில் வேண்டாம், தட்டில் போட்ட பிறகு பிழியுங்கள்.