ஊருக்குச் சொந்தமான கடற்கரைப் பூங்காவின் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி?

பழைய கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிற எல்லாரும் முதலில் ரோலர் கோஸ்டரைத்தான் தேடிப் போகிறார்கள். எந்த வருடம் கட்டினார்கள், எத்தனை அடி உயரம், என்ன வேகம் என்று நோட்டு நிறையக் குறித்துக்கொண்ட பிறகும், அந்த இடத்தை ஏன் மூடினார்கள், மறுபடி ஏன் திறந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் நிலத்தில் இருக்கிறது. கடற்கரையில் நகர நிர்வாகத்தின் கையில் இருக்கும் பூங்கா என்றால் பெரும்பாலும் நிலம் ஒருவருடையது, சவாரி இன்னொருவருடையது, குத்தகைக்கு எடுத்து டிக்கெட் கிழிப்பவர் மூன்றாமவர். இந்த மூன்று பேரையும் தனித்தனியாகப் பிடியுங்கள்.

அதனால் முதல் வேலை, ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி போடுவது: நிலம், சவாரி, குத்தகைதாரர். இடது ஓரத்தில் வருடங்கள்.

அமெரிக்காவில் சான் டியாகோவின் மிஷன் பீச்சில் உள்ள பெல்மான்ட் பார்க்கை வைத்து இதைச் செய்து பாருங்கள், எவ்வளவு துலங்குகிறது என்று தெரியும். 1925இல் அதைக் கட்டியவர் ஜான் டி. ஸ்பிரெக்கெல்ஸ். ஊரின் டிராம் வண்டிகள் அவருடையவை. மிஷன் பீச்சில் மனை விற்க வேண்டும், டிராமில் கூட்டம் ஏற வேண்டும், அதற்குத்தான் கோஸ்டரும் பெரிய உப்புநீர் நீச்சல் குளமும். 1926இல் அவர் இறந்த பிறகு அந்த இடம் நகரத்தின் கைக்கு வந்தது. 'பெல்மான்ட் பார்க்' என்ற பெயரே 1950களில்தான் வந்தது. 1976இல் பூங்கா மூடப்பட்டது, கோஸ்டரை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 'கோஸ்டரைக் காப்போம்' என்று ஒரு குழு அமைத்து, சவாரியின் உரிமையைத் தங்களுக்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள். அந்தக் கோரிக்கையின் அர்த்தம் உங்கள் தாளைப் பார்த்தால்தான் புரியும்: நிலம் ஒரு பத்தியில், சவாரி வேறு பத்தியில். 1987இல் அந்தக் கோஸ்டர் தேசிய வரலாற்றுச் சின்னமானது, 1990 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, இதையெல்லாம் எங்கே தேடுவது? அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி நாள் வேறு ஊர்க் கதையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நியூயார்க்கில் பெல்மான்ட் பார்க் என்றால் குதிரைப் பந்தய மைதானம், மாண்ட்ரியலில் அதே பெயரில் வேறொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. சான் டியாகோ கோஸ்டரின் பெயர் ஜயன்ட் டிப்பர், சான்டா குரூஸ் கடற்கரையில் 1924இல் கட்டிய கோஸ்டருக்கும் அதே பெயர், அதுவும் 1987இல்தான் தேசியச் சின்னமானது! நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1903இல் திறந்த லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா வேறு, 2010இல் அதே பெயரில் திறந்தது வேறு. தேடும்போது ஊர்ப் பெயரையும் வருடத்தையும் சேர்த்தே போடுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கக் கொடுத்த விண்ணப்பம். அமெரிக்கப் பூங்காக்களுக்கு இவை பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யார் வடிவமைத்தது, எப்போது எதை மாற்றினார்கள், அன்றைய தேதியில் உரிமையாளர் யார் என்று ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் சின்னமாக்க வேண்டும் என்று வாதாடுவதற்காக எழுதியது அது, புகழுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள்.

அப்புறம் சான்பார்ன் வரைபடங்கள். எனக்கு மிகப் பிடித்த ஆவணம் இதுதான். தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் நிறையவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. மஞ்சள் என்றால் மரக் கட்டடம், இளஞ்சிவப்பு என்றால் செங்கல், நீலம் என்றால் கல். ஒரு கடற்கரைப் பூங்காவின் தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள், முழுக்க மஞ்சளாக இருக்கும், நடுவே தண்ணீர்க் குழாய் எத்தனை அங்குலம், இரவுக் காவலாளி உண்டா இல்லையா என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். கடல் காற்றும் மஞ்சள் கட்டடங்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய லூனா பார்க்கின் பெரும்பகுதி 1944இல் தீக்கு இரையானது.

நகர மன்றக் கூட்டக் குறிப்புகள் படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். குத்தகை முடியும் வருடங்களை மட்டும் கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருடங்களைப் புரட்டினால் போதும், சண்டை எல்லாம் அங்கேதான் நடந்திருக்கும். கோனி ஐலண்டின் சைக்ளோன் என்ற கோஸ்டர் 1927இல் திறந்தது, 1969இல் நகரம் வாங்கியது. பக்கத்தில் உள்ள மீன் காட்சியகத்தை விரிவாக்க அதை இடித்துவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். கடைசியில் அருகில் பூங்கா நடத்தியவர்கள் குத்தகைக்கு எடுத்துச் சீர்செய்து 1975இல் ஓட்டினார்கள். நகரமே உரிமையாளர் என்பதால் சவாரி பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செய்தித்தாள்களில் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஐ ஒட்டிய இதழ்களை முதலில் பாருங்கள், புதுச் சவாரிகளின் விளம்பரம் அங்கே கிடைக்கும். 1961க்கு முந்தைய பில்போர்டு பத்திரிகையையும் விட்டுவிடாதீர்கள், அன்று அது பாட்டுப் பட்டியலோடு பூங்கா, சர்க்கஸ், பொருட்காட்சிச் செய்திகளும் போட்டது. அஞ்சலட்டை கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள்: முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இருந்தால், அமெரிக்க அட்டை என்றால், 1907 அல்லது அதற்குப் பிந்தையது.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: யாரை உள்ளே விடவில்லை? வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் பக்ரோ பீச் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று இருந்த காலத்தில், பக்கத்திலேயே பே ஷோர் என்ற கடற்கரையைக் கறுப்பின மக்கள் தங்களுக்காக நடத்தினார்கள். பூங்காவின் விளம்பரங்களில் இது வராது, அதனால் கறுப்பின மக்கள் நடத்திய செய்தித்தாள்களைத் தனியாகத் தேட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள். இன்றும் நிற்கிற ஒரு கட்டடத்தைப் பிடித்து, தாளை அதற்கு ஏற்றபடி திருப்பி வைத்து, தாளில் இருக்கிற, ஆனால் கண்ணெதிரே இல்லாத ஒவ்வொன்றையும் பென்சிலால் சுழியுங்கள். அடுத்த சுற்றுத் தேடலில் ஒவ்வொரு சுழியின் பக்கத்திலும் எந்த வருடம் போனது, அன்று குத்தகை யார் கையில் இருந்தது என்று எழுதுங்கள்.