அந்தமானில் மூன்று தீவுகள்: கையைக் கடிக்காத கோடைப் பயணத்துக்கு ஒரு செய்முறை

அந்தமானுக்கு முதல்முறை திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். மலிவாகக் கண்ணில் பட்ட விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு படத்தில் அழகாகத் தெரியும் விடுதியைப் பதிவு செய்கிறார்கள். புறப்பட ஒரு வாரம் இருக்கையில்தான் படகு நினைவுக்கு வருகிறது. செலவு ஏறுவது அங்கேதான். வேண்டிய நேரத்துப் படகில் இடம் இருக்காது, கிடைக்கிற படகுக்கு ஏற்ப விடுதி நாளை மாற்ற வேண்டும், மாற்ற முடியாத விடுதிக்குக் கட்டிய பணம் போய்விடும்.

இந்தப் பயணத்தில் எஜமான் படகுதான். விமானமும் அறையும் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டியவை. கீழே உள்ள திட்டம் சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பத்துக்கானது: ஐந்து இரவுகள், ஆறு நாள்கள், மூன்று தீவுகள் (போர்ட் பிளேர் நகரம் இருக்கும் தெற்கு அந்தமான், ஹேவ்லாக், நீல்).

தொடங்கும் முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட் தளங்களில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே வருகின்றன. இரண்டும் ஒரே இடம்தான் என்று தெரிந்திருந்தால் போதும். ஊரில் இன்னும் பழைய பெயர்கள் புழக்கத்தில் இருப்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

படி 1: நாள்களைக் குறியுங்கள்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தமானை எட்டிவிடுகிறது, வழக்கமாக மே மூன்றாவது வாரத்தில். அதற்குச் சற்று முன்பிருந்தே கடல் கலங்கத் தொடங்கலாம். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் மாதமும் அதுதான். ஆகவே பள்ளித் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே பத்தாம் தேதிக்குள் போய்த் திரும்பிவிடுவது நல்லது. ஜூன், ஜூலையில் அறை வாடகை குறையும் என்பது உண்மை. ஆனால் படகு ரத்தாகும் நாள்களும் அப்போதுதான் அதிகம். குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

படி 2: தாளில் ஒரு முக்கோணம் போடுங்கள்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து மீண்டும் போர்ட் பிளேர். போன வழியில் திரும்பாததால் இந்த வட்டத்துக்கு மூன்றே படகு டிக்கெட் போதும். ஹேவ்லாக் போய் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து நீல் போய் வந்தால் நான்கு டிக்கெட். நால்வர் குடும்பத்துக்கு நான்கு இருக்கைகளின் விலை அதிகமாகும், அரை நாளும் வீணாகும்.

முதல் நாள் காலை விமானத்தில் இறங்கி போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். அன்றே ஹேவ்லாக் போய்விடலாம் என்று பலர் சொல்வார்கள். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது. ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் நான்கு படகு டிக்கெட்டை இழக்கும் சூதாட்டம் அது. பிற்பகலில் 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். ஏழு சிறகுகளோடு எழுந்த அந்தக் கட்டடத்தில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. வார விடுமுறை நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவுகள். நான்காம் நாள் காலை நீலுக்குப் போய் ஓர் இரவு. ஐந்தாம் நாள் நண்பகலை ஒட்டிய படகில் போர்ட் பிளேர் திரும்பி அன்று இரவு அங்கேயே தங்குங்கள். ஆறாம் நாள் விமானம்.

அந்தக் கடைசி இரவு இந்தத் திட்டத்தின் காப்பீடு. பணம் மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் வெட்ட நினைப்பதும் அதைத்தான். நீலிலிருந்து வந்த அன்றே விமானம் ஏறுவதாக யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பலரும் போகிற பாராடங் தீவு இந்தத் திட்டத்தில் இல்லையே என்று கேட்பீர்கள். அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்க விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி முழு நாளைச் செலவிட வேண்டும். சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் நடுவே போகிறது. வண்டிகள் வரிசையாகப் பாதுகாப்போடு செல்ல வேண்டும், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இத்தனை கட்டுப்பாடுகளும் அந்த மக்களை நம்மிடமிருந்து காப்பதற்காக. குகையைப் பார்க்காமல் போனால் குறைந்துவிட மாட்டோம் என்பது என் எண்ணம். நாளும் பணமும் மிச்சம்.

படி 3: படகுகளைப் பாருங்கள், இன்னும் வாங்காதீர்கள்

இரண்டு வகை உண்டு. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்றவை தனியார் படகுகள். வேகமானவை ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் சேர்த்துவிடும். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குளிரூட்டிய மூடிய அறையில் எண் போட்ட இருக்கை. ஒரு வழிக்கே பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மாதக்கணக்கில் முன்பாகவே இணையத்தில் வாங்க முடிவது இவற்றின் பெரிய வசதி.

அரசுப் படகுகளைக் கப்பல் சேவை இயக்குநரகம் ஓட்டுகிறது. கட்டணம் கணிசமாகக் குறைவு. ஹேவ்லாக் போக இரண்டரை மணி நேரம் ஆகும். மேல் தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். டால்பின் தென்பட்டால் பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரக் கூடுதலைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், டிக்கெட் விற்பனை பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான் திறக்கும், சீக்கிரமும் தீர்ந்துவிடும். தீவுவாசிகள் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போவது இவற்றில்தான். அவர்களுக்கு அது பேருந்து.

என் யோசனை கலவையானது. முதல் இரண்டு வழிகளுக்குத் தனியார் படகு. திரும்பி வரும் மூன்றாவது வழிக்கும் தனியார் படகையே வாங்குங்கள், ஆனால் ரத்து விதிகளைப் படித்துவிட்டு. அரசுப் படகில் இடம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் தவிப்பு இல்லை. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் மூன்றையும் அரசுப் படகிலேயே முயலலாம்.

இப்போதைக்கு உங்கள் தேதிகளில் எந்தெந்த நேரத்தில் படகு இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாக ஹேவ்லாக்கிலிருந்து நீல் போகும் படகு. மூன்று வழிகளில் அதற்குத்தான் தேர்வுகள் குறைவு. அந்த ஒரு படகு எந்த நாளில் ஒத்துவருகிறதோ, அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணி உங்கள் விமான நாளை முடிவு செய்யுங்கள்.

படி 4: விமானம்

சென்னையிலிருந்து நேரடி விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மொத்தச் செலவில் பெரிய துண்டு இதுதான், அதனால் இங்கே பொறுமை பலன் தரும். கோடை விடுமுறைக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே பார்க்கத் தொடங்குங்கள். சனி, ஞாயிறை விட்டு வார நடுவில் போய் வார நடுவில் திரும்பும் விலைகளை ஒப்பிடுங்கள். ஆளுக்கு ஆயிரம் குறைந்தால் நால்வருக்கு நாலாயிரம். மூன்று படகுப் பயணங்களில் ஒன்றின் செலவில் பெரும்பகுதி அதில் வந்துவிடும். கொல்கத்தாவோ பெங்களூரோ சுற்றிப் போகும் டிக்கெட் மலிவாகத் தெரிந்தால், எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். முதல் நாள் பகல் கையை விட்டுப் போனால் மலிவு மலிவல்ல.

தென்மாவட்டங்களிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர்வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் சாலைக்கு எதிரே. கோவைப் பக்கத்திலிருந்து சென்ட்ரல் வருகிறவர்களுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. ரயில் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, விடியற்காலை விமானத்தைத் தவிர்த்துச் சற்றுப் பிந்திய காலை விமானத்தை எடுங்கள்.

சென்னையிலிருந்து கப்பலிலும் போகலாம். மாதத்துக்குச் சில முறை மட்டும், ஒரு வழிக்கு ஏறத்தாழ மூன்று நாள்கள். ஒரு வார விடுப்பில் இருப்பவருக்கு அது போய் இறங்குவதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும்.

படி 5: ஒரே மாலையில் வாங்கி முடியுங்கள்

விமானம் வாங்கிய அதே மாலை படகுகளையும் வாங்கிவிடுங்கள், முதலில் ஹேவ்லாக்–நீல். பயணிகளின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். பிறகு அறைகள். இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறை நூறு, இருநூறு ரூபாய் கூடுதலானாலும் அதையே எடுங்கள். வானிலை கெட்டால் நீங்கள் அசைக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

போர்ட் பிளேரில் அபெர்தீன் பஜாரை ஒட்டித் தங்கினால் சாப்பாட்டுக் கவலை இல்லை. ஊரில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழில் பேசி இட்லி, தோசை வாங்கலாம், முருகன் கோயிலும் இருக்கிறது. ஹேவ்லாக்கில் மூன்றாம் எண் கிராமத்துக் கடைவீதியின் அருகில் அறை பாருங்கள். கடற்கரை விடுதிகளைவிட மலிவு. வங்காளக் குடும்பங்கள் நடத்தும் சிறு கடைகளில் மீன் குழம்புச் சோறு கிடைக்கும். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். விடுதிச் சாப்பாட்டைவிட இது ருசி என்று தயங்காமல் சொல்வேன்.

படி 6: தீவுக்குள் செலவைப் பிடிப்பது

முகவர்கள் விற்கும் தொகுப்புகளில் தினமும் ஒரு கார் சேர்ந்திருக்கும். ஹேவ்லாக்கில் அது தேவையில்லை. படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர், பேருந்து இருக்கிறது. வாடகை ஸ்கூட்டரும் கிடைக்கும், ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் போங்கள். நீல் இன்னும் சிறியது, மிதிவண்டியிலேயே பெரும்பகுதியைச் சுற்றிவிடலாம்.

சூரியனைக் கணக்கில் எடுக்காதவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமான் அதற்குப் பத்து டிகிரி கிழக்கே, அதாவது கதிரவன் கணக்கில் 40 நிமிடம் முன்னால் இருக்கிறது. மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே விடிந்து, மாலை ஐந்தரைக்கு அஸ்தமித்துவிடும். ஆகவே பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் ராதாநகரில் இருங்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீலில் சீதாபூர் கடற்கரையில் விடியலையும், லக்ஷ்மண்பூரில் அஸ்தமனத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு அலை வற்றிய நேரத்தில்தான் நடந்து போக முடியும். வற்றும் நேரத்தை முந்தைய நாளே விடுதியில் விசாரியுங்கள்.

நீர் விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று போனால் விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே காலையில் கரைந்துவிடும். ஸ்கூபா ஆசை இருந்தால் ஹேவ்லாக்கில் முடித்துவிடுங்கள், நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் அழைத்துப் போவார். மூழ்கி எழுந்தபின் உடனே விமானம் ஏறக் கூடாது, ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். நம் முக்கோணத்தில் அந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரையில் தண்ணீரில் இறங்காதீர்கள், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 7: கிளம்பும் முன்

அசல் அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும். டிக்கெட்டுகளைத் தாளில் அச்சிட்டு எடுங்கள். சின்னத் தீவுகளில் இணையம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அது போனால் கைபேசிப் பணமும் போகும். ரொக்கத்தை போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். படகு எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்று டிக்கெட்டில் பாருங்கள். ஃபீனிக்ஸ் பேயும் ஹாடோவும் வேறு வேறு இடங்கள். ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். படகின் நடு, பின்பகுதி இருக்கைகளில் ஆட்டம் குறைவு.

படகு ரத்தானால் வரிசையாக மூன்று வேலைகள். அன்றைக்கே வேறு படகு உண்டா என்று துறையின் அரசுக் கவுன்டரில் கேளுங்கள். அடுத்த தீவின் விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லி அறையை ரத்து செய்யுங்கள். பிறகு படகு நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அது மாலையில் செய்தாலும் போகும். கவுன்டர் வரிசைதான் முதலில், ஏனென்றால் ரத்தான படகின் பயணிகள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.