குழலுக்குள் தண்ணீரின் வேகம்: வாலைக் கவனியுங்கள்

ராயபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், படகுக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு சின்ன டர்பைனைக் குழலுக்குள் வைத்து மின்சாரம் எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில் நீரோட்டத்தை அளந்துவிடுங்கள். 10 மீட்டர் கயிறு, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்று, போதும். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், பாட்டில் கயிற்றின் நீளத்தைக் கடக்க எனக்கு 12, 13 நொடி ஆனது. நொடிக்கு 0.8 மீட்டர். அந்த வேகத்தில் 20 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் ஓடும் தண்ணீரின் சக்தி 8 வாட்தான். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு, 65 வாட். கையில் வருவது அதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் குழல் கட்டுவது அதற்காகத்தான்.

நான் முதலில் செய்த குழலுக்கு வாய் விட்டம் 30 சென்டிமீட்டர், கழுத்து 20, பின்னால் நேர்க்குழாய். பரப்பு 2.25 மடங்கு குறைகிறதே, வேகமும் அவ்வளவு ஏறும் என்று நம்பினேன். ஏறவில்லை. படகிலிருந்த அண்ணன் ஒரு கைப்பிடி மரத்தூளைத் தூவினார். வாய் வரைக்கும் வந்த தூள், உள்ளே நுழையாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனது. மூடிய பைப்பில் அந்தக் கணக்கு சரி. திறந்த நீரில், நெருக்கினால் தண்ணீர் சுற்றிப் போய்விடும்.

அதனால் பின்பக்கத்தை விரியுங்கள். அங்கே அழுத்தம் குறைந்து, கழுத்து வழியாகத் தண்ணீரை இழுக்கும். விரிவு மெதுவாக இருக்கட்டும்: பக்கத்துக்கு 4, 5 டிகிரி. அவசரப்பட்டு அகட்டினால் தண்ணீர் சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், இழுப்பு போய்விடும். படகு கட்டுகிற ஃபைபரிலேயே வார்க்கலாம், உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்த்துவிடுங்கள்.

சரி, மழைத் தண்ணீர் இறங்கி வேகம் மிஞ்சினால்? வால் பக்கம் ஒரு திருப்பு மடல் வைத்து மெதுவாக மூடுங்கள். நான் முன்னால் வைத்திருந்தேன். மடலில் மோதிக் கலங்கிய தண்ணீர் இறக்கையை உதறி, ஒரே வாரத்தில் பேரிங் போனது. லோடை, அதாவது மின்சாரத்தை இழுக்கிற விளக்கு, பேட்டரியை, சட்டென்று கழற்றவும் கூடாது, டர்பைன் தறிகெட்டு ஓடும். உபரியைத் தின்ன ஒரு ஹீட்டர் காயிலைத் தயாராக வையுங்கள்.

அப்புறம், வாய்க்கு முன்னால் சாய்வாகக் கம்பி ஜாலி. நம் முகத்துவாரத்தில் பிளாஸ்டிக் பை வராத நாளில்லை. மடலைத் தொடும் முன் ஜாலியைப் பாருங்கள், பல நேரம் வேகம் குறைவது அங்கேதான். வாரம் ஒருமுறை குழலைத் தூக்கி, கழுத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிவிட்டு, அதே பாட்டிலை மறுபடி மிதக்கவிட்டு நொடியை எழுதி வையுங்கள்.